தொலைவிலிருந்து நாவல்: ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

2020 மே மாதம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏ.பி. ஆங்கில இலக்கியத் தேர்வை வீட்டில் உட்கார்ந்தே எழுதினார்கள். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம் ஏ.பி.; கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, காலேஜ் போர்டு நடத்தும் தேர்வை எழுதி, 1 முதல் 5 வரை மதிப்பெண் பெறும் ஏற்பாடு அது. இலக்கியத் தேர்வு வழக்கமாக 3 மணி நேரம் நடக்கும். 55 கொள்குறி வினாக்கள், பிறகு மூன்று கட்டுரைகள். முதல் கட்டுரை ஒரு கவிதையைப் பற்றியது. இரண்டாவது, வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கும் ஒரு புனைகதைப் பகுதியைப் பற்றியது. மூன்றாவதற்கு வினாத்தாளில் எந்தப் பகுதியும் இராது. மாணவர் தான் ஏற்கெனவே படித்த ஒரு நாவலையோ நாடகத்தையோ நினைவிலிருந்து எடுத்து, முழுப் படைப்பையும் வைத்து வாதாட வேண்டும்.

பெருந்தொற்று ஆண்டில் இது 45 நிமிடத் தேர்வாகச் சுருங்கியது. ஒரே கட்டுரை. இரண்டாவது கேள்வியை வைத்துக்கொண்டார்கள்; மூன்றாவதைக் கைவிட்டார்கள். புத்தகத்தையும் குறிப்பையும் பார்த்து எழுதலாம் என்று அனுமதித்துவிட்ட தேர்வில், நாவல் பற்றி முன்கூட்டியே தயாரித்த கட்டுரையை ஒட்டிவிட முடியும் என்ற பயம் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், தேர்வு வீட்டுக்குப் போனபோது முதலில் கழன்று விழுந்தவற்றில் முழு நாவலும் ஒன்று.

நாவலைத் தொலைவிலிருந்து படிப்பிக்க முடியுமா என்ற கேள்வி அந்த ஆண்டில் பிறந்ததல்ல. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. இதுவரை சொல்லப்பட்ட விடைகள் பலவும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல என்பதும், தொலைவு, திரை, காலம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் விவாதம் நகராமல் நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தபாலில் போன பாடம்

1873-இல் பாஸ்டன் நகரில் அன்னா டிக்னர் என்ற பெண்மணி, வீட்டில் இருந்தபடியே பெண்கள் படிப்பதை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கு, தன்னார்வலர்களாக வந்த வேறு பெண்கள் கடிதம் வழியாகப் பாடம் நடத்தினார்கள். ஆங்கில இலக்கியமும் பாடங்களில் ஒன்று. சங்கம் புத்தகங்களையும் தபாலில் இரவல் அனுப்பியது. இது சின்ன விவரம் அல்ல, பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1878-இல், நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்குவாவில் ஜான் ஹெய்ல் வின்சென்ட் நான்காண்டு வாசிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பட்டியலிட்ட நூல்களை ஊர் ஊராக மக்கள் படித்தார்கள். படித்தவர்கள் அந்தந்த ஊரிலேயே வட்டங்களாகக் கூடிப் பேசவும் செய்தார்கள்.

உயர்நிலைப் பள்ளிக்குத் தபால் கல்வி வந்தது இன்னும் தாமதமாக. 1923-இல் மிச்சிகன் மாநிலத்து பெண்டன் ஹார்பர் பள்ளி, தன்னிடம் ஆசிரியர் இல்லாத தொழிற்பாடங்களைத் தபாலில் வரவழைத்தது. ஆனால் மாணவர் அதைப் படித்தது பள்ளிக்குள், குறித்த பாடவேளையில், ஒருவர் மேற்பார்வையில். பாடம் தொலைவிலிருந்து வந்தது, அட்டவணை பள்ளியினுடையது.

இந்த முன்னோடிகளைப் புகழ்பவர்கள் தபாலின் பெருமையைத்தான் பேசுகிறார்கள். நீடித்து ஓடிய திட்டங்களைப் பார்த்தால், தபாலோடு இன்னொன்றும் சேர்ந்தே இருந்திருக்கிறது: மாதாமாதம் எழுதியே ஆக வேண்டிய கடிதம், ஊர் வட்டம், மணியடிக்கும் பாடவேளை. வாசகரைத் தனியே விட்டுவிட்டு வெற்றி கண்ட திட்டம் கிடைப்பது அரிது.

முட்டை வடிவ மேசை

தொலைவுக்கு எதிரான வாதத்தின் பிறப்பிடத்தைச் சுட்ட வேண்டுமென்றால் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸிடர் அகாதெமியைச் சுட்டலாம். 1930-இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் அப்பள்ளிக்குப் பெரும் நன்கொடை தந்தார். அதன் பயனாக வரிசை பெஞ்சுகள் போய், ஏறக்குறைய ஒரு டஜன் மாணவர்கள் ஆசிரியரோடு சுற்றி உட்காரும் முட்டை வடிவ மேசைகள் வந்தன. யாரும் யார் முதுகையும் பார்ப்பதில்லை. ஆசிரியர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். சில ஆசிரியர்கள் தாளில் மேசையை வரைந்து, யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று கோடு இழுத்துக்கொண்டே போவார்கள். பாடவேளை முடியும்போது அந்தத் தாளில் கோடே தொடாத பெயர் எது என்று தெரிந்துவிடும்.

ஏ.பி. திட்டத்துக்கு வித்திட்ட 1952 அறிக்கையை எழுதியது மூன்று தனியார் பள்ளிகளும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்த குழு. அந்த மூன்று பள்ளிகளில் எக்ஸிடரும் ஒன்று. 1955-இல் காலேஜ் போர்டு திட்டத்தைப் பொறுப்பேற்றது. 1956-இல் அதன் முதல் தேர்வுகள் நடந்தன. ஆக, உயர்தர இலக்கிய வகுப்பு என்றதும் கல்வியாளர் மனதில் எழும் சித்திரத்தில், சொல்லாமலே அந்த மேசையும் கலந்துவிடுகிறது. நாவல் என்றால் பல குரல், பல கோணம். அதை ஒரு மேசையைச் சுற்றிப் பல குரல்களில்தான் அணுக முடியும் என்பது இத்தரப்பின் சாரம். 1982-இல் மார்ட்டிமர் ஆட்லர் முன்வைத்த பைடேயா திட்டமும், அதையொட்டிப் பரவிய சாக்ரட்டீசு முறைக் கலந்துரையாடலும் இதே மரபின் கிளைகள்.

திரைவழி வகுப்பில் இந்த மேசை எப்படிச் சிதைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரை, எல்லா முகங்களும் ஒருசேர நம்மையே பார்ப்பது போன்ற தோற்றமும், தன் முகத்தைத் தானே இடைவிடாமல் பார்க்கும் நிலையும் உண்டாக்கும் அசதியைப் பேசியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, மாணவர்கள் ஏன் கேமராவை அணைத்து வைக்கிறார்கள் என்று கேட்டது. தோற்றம் பற்றிய கூச்சம் முதன்மைக் காரணமாக வந்தது. பின்னணியில் தெரியும் வீடும் வீட்டாரும் பற்றிய தயக்கமும் சொல்லப்பட்டது. அது கல்லூரி உயிரியல் வகுப்பு. பதினேழு வயது இலக்கிய மாணவரிடம் அந்தக் கூச்சம் குறையும் என்று நினைக்க இடமில்லை, ஆயினும் அங்கே அளந்ததை இங்கே அப்படியே பொருத்திவிடவும் முடியாது.

மேசை வாதத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மார்ட்டின் நிஸ்ட்ராண்ட் குழுவினர் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வகுப்புகளை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து 1997-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். உண்மையான திறந்த விவாதம் என்று சொல்லத்தக்கது சராசரியாக ஒரு பாடவேளையில் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. மீதி நேரமெல்லாம் ஆசிரியர் விடை தெரிந்த கேள்வி கேட்பதும், மாணவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும், ஆசிரியர் சரி என்பதும்தான். இவை ஏ.பி. வகுப்புகள் அல்ல என்பது உண்மை. ஆனாலும் முப்பது பேர் கொண்ட சாதாரணப் பள்ளி வகுப்பறையை எக்ஸிடர் மேசையாகக் கற்பனை செய்துகொண்டு, அதோடு ஜூம் வகுப்பை ஒப்பிட்டு ஜூமைக் குறைசொல்வது நியாயமான ஒப்பீடு ஆகாது. அதே நிஸ்ட்ராண்ட், ஆப்பிள்பீ, லாங்கர், கமோரன் ஆகியோருடன் சேர்ந்து 64 வகுப்பறைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, விவாதம் நடக்கும் இடத்தில் மாணவரின் இலக்கியத் திறன் கூடுகிறது என்று காட்டியது. மேசைக்காரர்கள் கொள்கையில் சரிதான். அந்த மேசை எத்தனை பள்ளிகளில் இருந்தது என்பதுதான் கேள்வி.

ஊடகம் வெறும் வண்டியா?

எதிர்த் தரப்பின் மிகப் பிரபலமான வாசகம் ரிச்சர்ட் கிளார்க்குடையது. 1983-இல் அவர் எழுதிய மதிப்பாய்வில், பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் கற்றலைப் பாதிப்பதில்லை, மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி நம் ஊட்டச்சத்தை மாற்றாதது போல, என்று சொன்னார். 1999-இல் தாமஸ் ரஸ்ஸல் நூற்றுக்கணக்கான ஒப்பீட்டு ஆய்வுகளைத் திரட்டி, பெரும்பாலானவை குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடிகின்றன என்று ஒரு நூலே போட்டார். அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2009-இல் நடந்த தொகுப்பாய்வு இணையவழிக் கற்றலுக்குச் சற்றே சாதகமாக வந்தது; ஆனால் பள்ளி மாணவர்களைப் பற்றிய தரமான ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தன என்று அதை எழுதியவர்களே எச்சரித்தார்கள்.

இந்தத் தரப்பு அளந்ததெல்லாம் பெரும்பாலும் பாடத்தின் முடிவில் வைத்த தேர்வை. நாவல் வகுப்பின் பலன் அந்தத் தேர்வில் எவ்வளவு தெரியும் என்பது தனிக் கேள்வி. ராபர்ட் கோஸ்மா போன்றவர்கள் கிளார்க்குக்குப் பதில் சொன்னபோது, ஊடகமும் முறையும் பிரிக்க முடியாதவை என்றார்கள். இலக்கியத்தைப் பொறுத்தவரை இது இன்னும் பொருந்தும். வேதியியல் பாடத்துக்குப் பாடநூல் ஒரு வாகனம். நாவல் வகுப்பில் நூல்தானே பாடம்.

இங்கே இலக்கியக் கோட்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் பொதுவாக இதைத் தொடுவதில்லை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் 1929 நூலிலிருந்தும், ப்ரூக்ஸ், வாரன் இருவரும் 1938-லும் 1943-லும் வெளியிட்ட பாடநூல்களிலிருந்தும் வளர்ந்த நுண்வாசிப்பு மரபுதான் ஏ.பி. தேர்வின் முதுகெலும்பு. அம்மரபுக்குத் தொலைவு ஒரு பிரச்சினையே இல்லை. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்தது என்ன? ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளை அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்து, ஒரு வாரம் வைத்திருந்து கருத்து எழுதித் தரச் சொன்னார். நுண்வாசிப்பே வீட்டுப்பாடமாகப் பிறந்தது என்று சொல்லலாம்! ஒரு பக்கத்துக்குள் அடங்கும் எதையும் அந்த முறை தபாலிலும் திரையிலும் கையாண்டுவிடும். அதற்கு அடங்காதது நாவல்தான். முந்நூறு பக்கத்தை யாராலும் மேசைமேல் ஒருசேர விரித்து வைக்க முடியாது. 2020-இல் எந்தக் கேள்வி தப்பியது, எது விழுந்தது என்பதை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

1938-லேயே லூயிஸ் ரோசன்பிளாட் வேறொரு பாதை காட்டினார். இலக்கியம் தாளில் இல்லை, வாசகருக்கும் பிரதிக்கும் இடையே நிகழும் ஒன்று என்பது அவர் நிலை. அதன்படி முதல் நிகழ்வு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது, எப்போதுமே அப்படித்தான் நடந்திருக்கிறது. கணக்கு வகுப்பில் கணக்கை வகுப்பிலேயே போடலாம். நாவலை யாரும் வகுப்பில் உட்கார்ந்து படித்து முடித்ததில்லை. பேருந்திலும் படுக்கையிலும் படிக்கப்பட்ட ஒன்றை, வாரத்தில் சில மணி நேரம் கூடிப் பேசினார்கள். இந்த அர்த்தத்தில் நாவல் வகுப்பு என்பது பிறப்பிலேயே பாதி தொலைநிலை வகுப்பு.

தாளும் திரையும்

தொலைவைப் பற்றிய கவலையில் பாதி உண்மையில் திரையைப் பற்றியது. மேரியன் வுல்ஃப் 2018-இல் வெளியிட்ட நூலில், திரையில் மேய்ந்து பழகிய மூளை ஆழ்ந்து வாசிக்கும் பழக்கத்தை இழந்துவிடக்கூடும் என்று வாதிட்டார். நவோமி பரன் தாளின் பக்கம் நின்று இரு நூல்கள் எழுதினார். ஆய்வுகளின் தொகுப்பில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது டெல்காடோ, வர்காஸ், ஆக்கர்மன், சல்மெரோன் ஆகியோர் 2018-இல் வெளியிட்டது. 54 ஆய்வுகள், 1,70,000-க்கும் மேற்பட்ட வாசகர்கள். முடிவு தாளுக்குச் சாதகம். நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது.

இலக்கிய ஆசிரியர்கள் இதை மேற்கோள் காட்டும்போது ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பாய்வில் தாளின் மேன்மை தெரிந்தது தகவல் நூல்களில். கதையை மட்டும் கொடுத்த ஆய்வுகளில் வேறுபாடு தெரியவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த வர்ஜீனியா கிளின்டனின் தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அப்படியானால் நாவலுக்குத் திரையால் தீங்கில்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். இந்த ஆய்வுகளில் கதை என்பது பெரும்பாலும் சில பக்கம்.

சற்று நீண்ட பிரதியைச் சோதித்தவர்களில் நார்வே நாட்டு ஆன் மாங்கன் முக்கியமானவர். அவரும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேருக்கு ஒரு மர்மக் கதையைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தாளில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இரு குழுவும் சமம். எந்தச் சம்பவம் எதற்கு முன், எதற்குப் பின் என்ற கேள்விகளில் மட்டும் தாள் வாசகர்கள் முந்தினார்கள். இடது கையில் படித்த பக்கங்கள் கனப்பதும் வலது கையில் மிச்சம் குறைவதும் கதையின் காலத்தை உணர உதவுகின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' போல முன்னும் பின்னும் தாவும் நாவலுக்கு இது சின்ன விஷயமல்ல. இருந்தாலும் அந்தக் கதை 28 பக்கம், வாசிப்பு ஒரு மணி நேரம். ஐந்து வாரம் படிக்கும் நாவலுக்கு அதிலிருந்து எவ்வளவு தூரம் நீட்டிப் பேசலாம் என்பது தெளிவில்லை.

இன்னொன்று: திரையும் தொலைவும் ஒன்றல்ல. 2025 மே முதல் ஏ.பி. இலக்கியத் தேர்வு முழுக்கவும் கணினியில், புளூபுக் என்ற செயலியில் நடக்கிறது. மாணவர் உட்கார்ந்திருப்பதோ பள்ளியில், கண்காணிப்பாளர் முன்னால். 1873-இன் டிக்னர் சங்க மாணவிகள் தொலைவில் இருந்தார்கள், தாளில் படித்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால், தொலைவின் தலையில் கட்டப்படும் பல குற்றங்கள் திரையுடையவை என்று தெரியும்.

ஓரக்குறிப்பு வகுப்பு

தொலைநிலைக் கல்வியை ஆதரிப்பவர்களில் ஒரு சாரார் சமாளிப்பு வாதம் பேசுவதில்லை. இது மேல் என்றே சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சான்று, பிரதியின் ஓரத்தில் மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து குறிப்பெழுதும் மென்பொருள்கள். ஹார்வர்டில் எரிக் மாஸூர் குழுவினர் உருவாக்கிய பெருசால், திறந்த மூலமான ஹைப்பாதெசிஸ் போன்றவை. மேசையைச் சுற்றி வாய் திறக்காத மாணவி ஓரத்தில் எழுதுகிறாள். எழுதுமுன் யோசிக்க நேரம் கிடைக்கிறது. எல்லோர் பேச்சும் பிரதியின் குறிப்பிட்ட வரியோடு கட்டுண்டு நிற்கிறது. 2000-இல் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் முன்வைத்த விசாரணைச் சமூகம் என்ற கருத்தாக்கமும் எழுத்துவழி உரையாடலின் பலத்தையே அடித்தளமாகக் கொண்டது.

வாதம் வலுவானது. நாவல் என்று வரும்போது அதில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, பதிப்பு. மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' ஏ.பி. வகுப்புகளில் வழக்கமாகப் படிக்கப்படும் நாவல்; காப்புரிமை இல்லாததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வகுப்பறையில் பள்ளி ஒரே பதிப்பின் பிரதிகளைக் கொடுக்கும். வீட்டிலிருக்கும் மாணவர் கையில் அகப்பட்டதை இறக்கிக்கொள்வார். இணையத்தில் 1818 பதிப்பும் இருக்கிறது, ஆசிரியரே திருத்திய 1831 பதிப்பும் இருக்கிறது. முதலாவதில் மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டாவதில் 24 அத்தியாயங்கள் ஒரே தொடராக. "ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னால் ஆளுக்கொரு இடம் திறக்கும். அதைவிட, 1818-இல் நாயகன் விக்டர் மணக்கும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகள். 1831-இல் அவள் இரத்த உறவே இல்லாத, எடுத்து வளர்த்த அநாதைப் பெண். அத்தை மகளைக் கட்டுவது தமிழ் வாசகருக்கு விசேஷமாகத் தோன்றாது. ஆனால் அந்த வீட்டின் காதலையும் கடமையையும் பற்றி விவாதிக்கும் இரு மாணவர்கள், தாங்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு எலிசபெத்துகளைப் பற்றி என்று தெரியாமலே சண்டை போடலாம். நேரில் என்றால் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும் விஷயம் இது.

இரண்டாவது, கதையின் இரகசியம். 'பிலவ்ட்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே வீட்டு எண் 124 வந்துவிடுகிறது. ஒன்று, இரண்டு, நான்கு, மூன்றைக் காணோம். நாயகி சேத்தியின் மூன்றாவது குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை மாரிசன் நாவலின் நடுப்பகுதி வரை வாசகரிடமிருந்து பிடித்து வைக்கிறார். நாவலின் கட்டுமானமே அந்தப் பிடித்துவைப்புதான். பொது ஓரக்குறிப்பில், முன்னே படித்து முடித்த ஒருவர் முதல் பக்கத்திலேயே விடையை எழுதிவிட்டால் பின்னால் வரும் இருபது பேருக்கும் அது போயிற்று. வகுப்பறை ஆசிரியர் "இன்று எட்டாம் அத்தியாயம் வரைதான் பேசுகிறோம்" என்று வாயடைப்பார். மென்பொருளிலும் அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்துவிட முடியும். ஆனால் அப்படிச் செய்த அந்த நொடியில், வசதிப்பட்ட நேரத்தில் படிக்கலாம் என்ற தொலைநிலையின் பெரும் சலுகையை ஆசிரியரே திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

இதை நான் சிறிய தொழில்நுட்பச் சிக்கலாகப் பார்க்கவில்லை. கவிதை, சிறுகதை எதற்கும் வராத பிரச்சினை நாவலுக்கு வருகிறது, ஏனென்றால் நாவல் காலத்தில் நீளும் வடிவம். ஒரு கூட்டம் அதைச் சேர்ந்து படிக்க வேண்டுமானால் கூட்டத்தின் நடை ஓரளவு ஒத்துப்போக வேண்டும். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860, 1861 ஆண்டுகளில் வாராவாரம் பத்திரிகையில் வந்தபோது அந்த வேலையைப் பத்திரிகை செய்தது. பிற்காலத்தில் பள்ளிக்கூட மணி செய்தது. ஷடாக்குவாவில் ஊர் வட்டங்கள் செய்தன. 2020-இல் மணி நின்றது. வகுப்புகள் இழந்தது பேச்சைவிட இந்த நடையைத்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

நூல் கைக்கு வருவது

தொலைநிலை ஏ.பி.யின் வலுவான நியாயம் சமத்துவம். 1999-இல் கலிஃபோர்னியாவில், தங்கள் பள்ளியில் போதிய ஏ.பி. பாடங்கள் இல்லை என்று இங்கிள்வுட் மாணவர்கள் சார்பில் மாநில அரசின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆசிரியரைக் கொண்டுவர முடியாத இடத்துக்கு இணையம் பாடத்தைக் கொண்டுபோகும் என்ற நம்பிக்கை அந்தப் பத்தாண்டில் வலுத்தது. ஃப்ளோரிடா மாநிலத்தின் இணையப் பள்ளி 1997-இல் தொடங்கியது. சிற்றூர்ப் பள்ளியில் ஏ.பி. இலக்கியம் படிக்க விரும்புபவர் இரண்டே பேர் என்றால், அவர்களுக்கு எதிரே இருப்பது நேர் வகுப்பா இணைய வகுப்பா என்ற தேர்வல்ல. இணைய வகுப்பு, அல்லது ஒன்றுமில்லை. மேசை மரபினர் இதற்கு நல்ல பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் டிக்னர் சங்கம் ஏன் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பியது என்பது இங்கேதான் புரிகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வகுப்புப் பிரதிகள் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. காப்புரிமை தீர்ந்த ஆஸ்டினும் டிக்கன்ஸும் இலவசமாகக் கிடைத்தார்கள். எல்லிசனும் ஹர்ஸ்டனும் மாரிசனும் கிடைக்கவில்லை. பாடப் பட்டியலைக் கறுப்பின எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்த போராட்டத்தை, காப்புரிமைக் காலண்டர் ஓசையில்லாமல் பின்னுக்குத் தள்ளக்கூடிய நிலை அது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் அந்த மார்ச் 24 அன்று அவசரகால நூலகம் என்ற பெயரில் காத்திருப்போர் பட்டியலை நீக்கி, சுமார் 14 லட்சம் நூல்களை இரவலுக்குத் திறந்தது. ஜூன் 1 அன்று நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. அந்த மாத நடுவில் அவசரகால நூலகம் மூடப்பட்டது. 2023-இல் கீழ் நீதிமன்றமும், 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பகங்களின் பக்கமே தீர்ப்பளித்தன. சட்டப்படி முடிந்துபோன விஷயம். வகுப்புக்கு வேண்டிய முப்பது பிரதிகள் எங்கிருந்து வரும் என்பது முடியவில்லை.

படித்தது யார்?

இதை விரைவாகக் கடக்கலாம். கோனார் உரையின் அமெரிக்க உறவான கிளிஃப்ஸ்நோட்ஸ் 1958-இல் வந்தது, ஸ்பார்க்நோட்ஸ் 1999-இல். நாவலைப் படிக்காமல் நாவல் பற்றி எழுதுவது நேர் வகுப்பிலும் நடந்த கலைதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, நேர் வகுப்பு ஆசிரியர்கள் பலர் கட்டுரையை வகுப்பிலேயே கையால் எழுத வைக்கத் தொடங்கினார்கள். தொலைநிலை ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. வாய்மொழித் தேர்வு உண்டு, ஆனால் நூறு மாணவர்களுக்கு அது மாளாது. இந்த ஒரு விஷயத்தில் பிரச்சினை உண்மையிலேயே தொலைவினுடையது.

தீராதவை

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், தொலைவு மட்டுமே நாவல் படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. திரையைப் பற்றிய சந்தேகம் பாதி நிரூபணமானது. அதுவும் கதைப் பிரதிகளில் பலவீனமாகவே நிற்கிறது. விவாதம் பயன் தருகிறது என்பது ஓரளவு உறுதி, அது நேரில்தான் நடக்க வேண்டும் என்பது உறுதியல்ல. ஒரு வகுப்பு ஒரே நாவலை வாரக்கணக்கில் சேர்ந்து படிக்கும்போது நடப்பது என்ன, அந்தச் சேர்ந்த நடை குலைந்தால் போவது என்ன என்பதையோ யாரும் சரிவர அளந்ததாகத் தெரியவில்லை. ஆய்வகத்துக்கு ஒரு மணி நேரக் கதைதான் வசதி. 2020 தேர்வு அளந்திருக்கலாம். அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. 2021-இல் முழுத் தேர்வு திரும்பிவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மாணவர்கள் சிலர் நேரிலும் சிலர் வீட்டிலும் சிலர் மாறி மாறியும் படித்தவர்கள். மதிப்பெண்ணிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுப்பது எளிதல்ல.

விடைக்கு வேண்டிய தரவு ஒருவேளை ஏற்கெனவே குவிந்து கிடக்கலாம். எந்த மாணவர் எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார், எங்கே நின்றார், எத்தனை நிமிடம் இருந்தார் என்பதை ஓரக்குறிப்பு மென்பொருள்கள் பதிய முடியும். வாசிப்பு நேரத்தை மதிப்பெண்ணில் சேர்க்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்த மாணவர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார் என்பது ஒரு சிக்கல். இவை பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் கல்விப் பதிவுகள், 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் அவற்றைக் காக்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவதாக, கையில் காசிருந்து அச்சு நூல் வாங்கியவரும், நூலகத்தில் இரவல் எடுத்தவரும், அண்ணனின் பழைய பிரதியில் பென்சிலால் கோடு போட்டுப் படித்தவரும் அந்தத் தரவில் வரமாட்டார்கள். நாவல் வகுப்பு பற்றி இனி எழுதப்படும் ஆய்வு எதுவும் முதலில் இவர்களை எங்கே தேடுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.